குடுமி முதற் பிணைச்சல் வரை: கதவின் சுழற்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் விரித்துரைக்கும் வரலாறு, மனிதன் நாள்தோறும் திறந்து மூடும் கதவினைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கதவினைப் பற்றிப் பேசுமிடத்தும் அதன் செதுக்கு வேலைப்பாட்டினையே போற்றுகின்றதன்றி, அதனைத் தாங்கிச் சுழலச் செய்யும் உறுப்பினை ஓரிரு சொற்களிற் கடந்து விடுகின்றது. ஆயினும் ஒரு கதவின் பாரத்தைச் சுமப்பது எது, அச்சுமையைத் தாங்கும் பொருளை உருவாக்கியோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பின், கல், மரம், இரும்பு, பிளாஸ்திக்கு என மாறிவந்த மனித உழைப்பின் வரலாறு முழுவதும் அச்சிறு உறுப்பினுள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

தமிழில் இவ்வுறுப்பினைக் குறிக்கும் சொற்களே இவ்வரலாற்றின் படிகளைக் காட்டி நிற்கின்றன. கதவு பூட்டிய பக்கத்தில் மேலும் கீழும் நீண்டு, உத்தரத்திலும் நிலத்திலும் உள்ள குழிகளிற் பொருந்திச் சுழலும் முனை 'குடுமி' எனப்பட்டது. கோயிற் பெருங்கதவுகள் பல இன்றும் இம்முறையிலேயே சுழல்கின்றன. தமிழகத்தில் வழங்கும் 'கீல்' என்னும் சொல் உடலின் மூட்டினையும் குறிப்பது. கீல்வாதம் என்னும் நோய்ப்பெயர் அதற்குச் சான்று. ஈழத்து வழக்கிலுள்ள 'பிணைச்சல்' என்பதோ இரண்டினைப் பிணைத்தல் என்னும் தொழிலடியாகப் பிறந்தது. சுழலும் முனையைக் குறித்த சொல்லுக்கும், இணைக்கும் கருவியைக் குறித்த சொல்லுக்கும் இடையிலுள்ள வேறுபாடு வெறுஞ் சொல் வேறுபாடன்று. கதவின் பாரம் நிலத்தினின்றும் சுவருக்கு இடம்பெயர்ந்த வரலாற்றின் சுவடு அது.

பண்டைய மெசொப்பொத்தேமியாவிற் குடுமிக் கதவுகளே வழக்கிலிருந்தன. கதவின் கீழ்க்குடுமியைத் தாங்குதற்கு நிலத்திற் புதைக்கப்பட்ட குழிக்கற்கள் பல அகழ்வாய்வுகளிற் கிடைத்துள்ளன. கி.மு. 22ஆம் நூற்றாண்டளவில் லகாஷ் நகரை ஆண்ட குடேயா, தான் எடுப்பித்த ஆலயங்களின் குழிக்கற்களில் தன் பெயரைப் பொறிப்பித்தான். மரக்கதவுகள் மக்கிப்போயின, அவற்றின் பாரத்தைச் சுமந்த கற்கள் மாத்திரமே எஞ்சின. அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனேசர் (கி.மு. 859 - 824) காலத்துப் பலவாத் வாயிற் கதவுகளும் இவ்வகையினவே. 1878இற் கண்டெடுக்கப்பட்டுப் பிரித்தானிய நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள அவற்றின் வெண்கலப் பட்டைகள், கதவின் முகத்தில் மட்டுமன்றிச் சுழல்தூணையும் சுற்றி வளைக்கப்பட்டிருந்தன. அவ்வளைவினைக் கொண்டே மறைந்துபோன தூணின் பருமனை ஆய்வாளர் கணித்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

உரோமரும் குடுமியினையே பெரிதும் கையாண்டனர். இலத்தீன் மொழியில் அதனைக் குறித்த 'கார்டோ' என்னும் சொல், நகரின் வடக்குத் தெற்கான முதன்மை வீதிக்கும் பெயராயிற்று. 'எதனைச் சார்ந்து ஏனையவை சுழல்கின்றனவோ அது' என்னும் கருத்திலேயே கத்தோலிக்கத் திருச்சபையின் 'கர்தினால்' என்னும் பதவிப்பெயரும் அச்சொல்லினின்று பிறந்தது. உரோம் நகரின் பாந்தியன் ஆலயத்து வெண்கலப் பெருங்கதவுகள் குடுமியிற் சுழல்வனவே. எத்துணைப் பாரமான கதவாயினும் அதனை நிலமே சுமக்குமாதலின், குடுமி முறை பெருங்கதவுகளுக்கு ஏற்றதாயிற்று. எனினும் குழியில் மண்ணும் நீரும் சேர்தல், முனை தேய்தல், தேய்ந்த முனையை மாற்றக் கதவு முழுவதையும் கழற்றவேண்டியிருத்தல் ஆகியன அதன் குறைகளாம்.

மத்தியகால ஐரோப்பாவிற் கொல்லரின் உலைக்களத்தில் உருவான நீண்ட பட்டைப் பிணைச்சல்கள் தேவாலயக் கதவுகளிற் பெருவழக்காயின. பலகைகளை ஒன்றாகப் பிணித்தலும் கதவினைத் தூக்கி நிறுத்தலுமாகிய இரு பணிகளையும் அவ்விரும்புப் பட்டைகள் ஒருங்கே ஆற்றின. பாரிஸ் நகரின் நொத்ரதாம் பேராலயத்தின் மேற்குக் கதவுகளிலுள்ள கொடிவேலைப் பட்டைகள், மனிதன் செய்யத்தக்கன அல்ல, பிஸ்கோர்னே என்னும் கொல்லன் சாத்தானின் துணைகொண்டு செய்தவை என்று மக்கள் கதை கட்டுமளவுக்கு வியப்பூட்டின. அக்கதை உழைப்பாளியின் திறமையைப் புகழ்வதுபோற் புகழ்ந்து, அதனை அவனிடமிருந்து பறித்துச் சாத்தானிடம் ஒப்படைத்தது எனலாம்.

ஈண்டு, பாரம் இடம்பெயர்ந்தமையின் விளைவினை நோக்குதல் வேண்டும். குடுமிக் கதவின் பாரம் நேராக நிலத்தில் இறங்குவது. பிணைச்சலிற் தொங்கும் கதவோ மேற்பிணைச்சலை வெளியே இழுக்கின்றது. கீழ்ப்பிணைச்சலை நிலையோடு அழுத்துகின்றது. 40 கிலோகிராம் பாரமும் 90 சதமமீற்றர் அகலமும் கொண்ட கதவொன்றின் மேல், கீழ்ப் பிணைச்சல்கள் 150 சதமமீற்றர் இடைவெளியில் அமைந்தால், மேற்பிணைச்சல் 12 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான இழுவைக்கு உள்ளாகும். இடைவெளி 100 சதமமீற்றராகக் குறையின் அவ்விழுவை 18 கிலோகிராம் பாரத்துக்குச் சமமாக உயரும். பிணைச்சல்களைக் கதவின் இரு முனைகளுக்கும் அண்மையிற் பொருத்தும் தச்சரின் வழக்கம் இக்கணக்கின் அனுபவ வடிவமேயாகும்.

1775இல் ஐசன், வைற்கேஸ்ற் என்னும் ஆங்கிலேயர் இருவர் வார்ப்பிரும்பிற் பிணைச்சல் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். அதுவரை கதவின் முகத்திற் பரந்து கிடந்த இரும்பு, கதவின் விளிம்புக்கும் நிலைக்கும் இடையே ஒளிந்துகொண்டது. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கத்தக்கதாய், விலை குறைந்ததாய், எளியோர் வீட்டுக்கும் அது சென்றது. ஆயின் மறைந்தது இரும்பு மாத்திரமன்று. பூட்டு, தாழ்ப்பாள், பிணைச்சல் முதலிய இரும்புச் சாமான்களை உலகுக்கு வழங்கிய வுல்வர்ஹாம்ரன், வில்லன்ஹோல் பகுதிகளின் சிறு பட்டறைகளிற் சிறுவர் பயிலுநராகக் கட்டுண்டு நெடுநேரம் உழைத்தமையை, சிறுவர் தொழில் ஆணைக்குழுவுக்காக ஆர். எச். ஹோண் நேரிற் கண்டு எழுதிய அறிக்கை 1843இல் வெளிப்படுத்தியது. குனிந்து அராவியதால் முதுகு கூனியோர் மிகுந்திருந்தமையின், 'கூனர் நாடு' எனப் பொருள்படும் பட்டப்பெயர் வில்லன்ஹோலுக்கு வழங்கலாயிற்று. டிஸ்றேலி 1845இல் வெளியிட்ட 'சிபில்' என்னும் நாவலில் வரும் வொட்கேற் என்னும் ஊர் இதனைத் தழுவியதே. கதவுகள் இலகுவாகச் சுழன்றதன் விலையைச் செலுத்திய முதுகுகள் அவை.

இருபதாம் நூற்றாண்டிற் கதவின் பொருளே மாறியது. பொலிவைனைல் குளோரைட்டினை 1872இல் ஜேர்மனியரான பௌமன் தயாரித்தார். 1913இற் கிளாற்றே அதன் உற்பத்திக்குக் காப்புரிமை பெற்றார். மென்மையூட்டி சேர்க்கப்படாத அதன் வன்வகையே யூ.பி.வி.சி. எனப்படுவது. 1950களில் மேற்கு ஜேர்மனியில் அதனாற் சாளரச் சட்டங்கள் செய்யப்பட்டன. 1973இன் எண்ணெய் நெருக்கடியின் பின்னர், வீட்டின் வெப்பம் வீணாகாமற் காக்கும் நோக்குடன் இரட்டைக் கண்ணாடியிட்ட யூ.பி.வி.சி. கதவுகளும் சாளரங்களும் பிரித்தானிய இல்லங்களிற் பரவலாயின.

மரத்துக்கென அமைந்த பிணைச்சல் இப்புதிய பொருளுக்குப் போதுமானதாயில்லை. யூ.பி.வி.சி. சட்டம் உள்ளே வெறுமையான அறைகளைக் கொண்டது. வெப்பத்தால் அது உருக்கினும் ஐந்து, ஆறு மடங்கு அதிகமாக விரிவது. 2 மீற்றர் உயரமான கதவு 30 பாகை செல்சியசு வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் நீளும். எனவே சட்டத்தினுள் நாகமுலாமிட்ட உருக்கு வலுவூட்டி செருகப்பட்டது. பிணைச்சலும் மூன்று திசைகளிற் சீர்செய்யத்தக்கதாக உருமாறியது. அறுகோணச் சாவியொன்றினாற் கதவினை உயர்த்தவும், பக்கவாட்டில் நகர்த்தவும், நிலையிலுள்ள இறப்பர்ப் பட்டையோடு நெருக்கவும் இயலும். பொருள் மாறாதது என நம்பிய காலத்தின் பிணைச்சல் அசையாதது. பொருள் மாறும் என ஒப்புக்கொண்ட காலத்தின் பிணைச்சல் திருத்தத்துக்கு இடமளிப்பது.

இத்தகைய பிணைச்சலைத் தெரிவுசெய்வோர் முதலிற் பழைய பிணைச்சலின் வகை, உயரம், திருகாணித் துளைகளுக்கிடையிலான தூரம், நிலையின் மேல் கதவு படியும் அளவு ஆகியவற்றை அளந்து கொள்ளல் வேண்டும். கதவு உட்புறம் திறப்பதா, வெளிப்புறம் திறப்பதா என்பதும் கவனித்தற்குரியது. வெளிப்புறம் திறப்பதாயின் பிணைச்சலின் ஊசி வெளியே தெரியுமாதலின், அதனை உருவியெடுக்க முடியாதவாறு பூட்டும் அமைப்புத் தேவை. பொருத்துங்கால் கதவின் கீழே ஆப்பு வைத்துத் தாங்கி, மூன்று பிணைச்சல்களையும் ஒரே வேளையிற் கழற்றாது ஒவ்வொன்றாக மாற்றுதல் நன்று. திருகாணிகள் பிளாஸ்திக்கில் மட்டுமன்றி உள்ளிருக்கும் உருக்கினையும் பற்றுதல் இன்றியமையாதது. பின்னர்ச் சிறிது சிறிதாகத் திருகி, கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சமப்படுத்தல் வேண்டும்.

இங்குப் பெரிதும் நேரும் பிழையொன்று உண்டு. கதவு சில மில்லிமீற்றர் தாழ்ந்தவுடன் பூட்டின் கொளுக்கிகள் நிலையிலுள்ள துளைகளோடு பொருந்தா. வீட்டார் பூட்டே பழுதென எண்ணிக் கைபிடியை வலிந்து உயர்த்த, பூட்டின் பொறியும் உடைகின்றது. ஈற்றிற் கதவு முழுவதுமே அகற்றப்படுவதுமுண்டு. கண்ணாடியைச் சுற்றியுள்ள சிறு முட்டுக்கள் பிணைச்சலின் கீழ்மூலையிலிருந்து பூட்டுப்பக்க மேல்மூலைக்குப் பாரத்தைத் தாங்குமாறு இருக்கின்றனவா எனவும், கதவின் இரு மூலைவிட்டங்களும் சமமாயுள்ளனவா எனவும் நோக்கி, அதன்பின் பிணைச்சலைச் சீர்செய்யின் அக்கதவு மேலும் பல்லாண்டு பயன்தரும். வார்ப்பிரும்பு யுகத்திற் கொல்லன் கண்ணுக்கு மறைந்தான். இன்று பழுதின் காரணமும் வீட்டாரின் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

தொகுத்து நோக்குமிடத்து, பிணைச்சலின் வரலாறு பாரத்தைச் சுமப்போர் படிப்படியாக மறைக்கப்பட்ட வரலாறாகவே அமைகின்றது. குடேயா தன் பெயரைக் குழிக்கல்லிற் பொறித்தான். அக்கல்லைக் குடைந்தவனின் பெயர் அதில் இல்லை. வில்லன்ஹோலின் சிறுவரை ஓர் அறிக்கையே உலகுக்குக் காட்டிற்று. கதவு திறப்பதில்லை என வெறுப்புறும் ஒருவர் கைபிடியை வலிந்திழுக்காது, குனிந்து பிணைச்சலை நோக்குவாராயின், அவரது கதவும் பிழைக்கும். அதனைச் சுமந்து வந்த உழைப்பும் ஒரு கணமேனும் காணப்படும்.