எதிரி ஒளிந்ததால் இடிக்கப்பட்ட சமாதிகள்: சென்னையின் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போரில் என்ன ஆச்சு?

சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில், கூர்மையான கோபுரம் மாதிரி ஒரு சமாதி நிற்கிறது. கல்லூரிக்குள்ள சமாதி எதுக்கு? உண்மையில் சமாதிகள்தான் முதலில் வந்தன. கல்லூரிக் கட்டடம் 1890-களில் வந்தது.

கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயர்களை ஆரம்பத்தில் புதைத்த இடம் இது. கோட்டைச் சுவருக்கு மிக அருகில் இருந்ததுதான் பிரச்சினை.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். பெரிய பெரிய சமாதிகள் பிரெஞ்சு வீரர்களுக்கு நல்ல மறைவிடமாகிவிட்டன. 1759 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்ததும் முற்றுகை முடிந்தது. இன்னொரு தடவை எதிரி இங்கே ஒளியக்கூடாது என்று ஆங்கிலேயர்களே தங்கள் முன்னோர் சமாதிகளை இடித்துத் தள்ளினார்கள்.

கல்வெட்டுகள் என்ன ஆச்சு?

பெயர் பொறித்த கற்கள் மட்டும் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குப் போயின. அங்கேயும் நிம்மதி இல்லை. 1782-ல் ஹைதர் அலி படை வருமோ என்ற பயத்தில், பீரங்கிகளை நிறுத்த அந்தக் கற்களில் பலவற்றைப் பெயர்த்து கோட்டை மதிலுக்குக் கொண்டுபோனார்கள். பிறகுதான் திரும்ப வந்து தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதிக்கப்பட்டன. அதாவது, பெயர் ஒரு இடத்தில், உடல் இன்னொரு இடத்தில்!

தப்பியது இரண்டே. ஒன்று பவுனி குடும்பக் கல்லறை. இன்னொன்று அந்தக் கோபுரச் சமாதி. அதில் இருப்பது ஜோசப் ஹின்மர்ஸும், சின்ன வயசிலேயே இறந்த டேவிட் யேலும். டேவிட்டின் அப்பா, சென்னை ஆளுநராக இருந்த எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான்.

பழவேற்காட்டில் கதையே தலைகீழ்

சுண்ணாம்புக்குளம் போன்ற மீனவ ஊர்கள் இருக்கும் பழவேற்காடு ஏரிக்கரையில், டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். 1781-ல் போரில் பிரிட்டிஷார் பிடித்தார்கள். கைமாறிக் கைமாறி 1825-ல் முழுசா அவர்கள் வசமானது. இன்று கோட்டை புதர் மண்டிய மேடு. வாசலில் எலும்புக்கூடு சிற்பங்களோடு டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது.

போரில் தப்பிய சென்னைச் சமாதிக்கு அடுத்த சிக்கல் வாகன நிறுத்தத்தால் வந்தது. தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் என்பதால் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. நீதிமன்றத்துக்கு அடுக்குமாடி பார்க்கிங் தேவை என்ற வழக்கில், சமாதியை வேறு இடத்துக்கு மாற்ற 2023 ஜூனில் தனி நீதிபதி உத்தரவிட்டார்.