நாய்க் கண்காட்சியும் தமிழ் நிலத்து நாயினங்களும்

நாய்களை இனம், பால், வயது என்று வகுத்து, ஒவ்வோர் இனத்துக்கும் எழுதி வைக்கப்பட்டுள்ள இலக்கணத்தோடு ஒப்பிட்டு, நடுவர் ஒருவர் சிறந்ததைத் தெரிவு செய்யும் போட்டியே நாய்க் கண்காட்சி. இதை அழகுப் போட்டி என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அடுத்த தலைமுறைக் குட்டிகளை எந்த நாயிடமிருந்து எடுப்பது என்ற வளர்ப்பாளரின் கேள்விக்கு விடை காணத்தான் இது தோன்றியது. அந்த நோக்கம் மறக்கப்பட்ட இடங்களிலெல்லாம் நாய்கள் துன்பப்பட்டிருக்கின்றன. நோக்கம் நினைவிருந்த இடங்களில் அழியவிருந்த இனங்கள் பிழைத்திருக்கின்றன. தமிழ்நாட்டின் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய இனங்களின் கதையில் இரண்டையும் காணலாம்.

தோற்றம்

ஒழுங்காக நடத்தப்பட்ட முதல் நாய்க் கண்காட்சி 1859 ஜூன் 28, 29ஆம் திகதிகளில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்தது. பொயின்டர், செட்டர் என்ற இரு வகைத் துப்பாக்கி வேட்டை நாய்கள் மட்டுமே அதில் பங்கேற்றன, பரிசும் துப்பாக்கிதான். 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் அமைந்தது. வம்சாவளிப் பதிவேடும் போட்டி விதிகளும் அதன் பின்னரே நிலைபெற்றன. சார்ள்ஸ் கிரஃப்ட் தன் பெயரால் தொடங்கிய 'கிரஃப்ட்ஸ்' கண்காட்சி 1891இலிருந்து நடக்கிறது. 1911இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து உருவாக்கிய எஃப்.சி.ஐ. என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு, உலக நாயினங்களைப் பத்துக் குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. நம்மவர்கள் அல்சேஷன் என்று அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்ட் முதலாம் குழுவில் வரும். டொபர்மனும் றொட்வைலரும் இரண்டாம் குழு. லப்ரடோர் எட்டாம் குழு. பக் ஒன்பதாம் குழு. கண்ணால் இரையைப் பின்தொடர்ந்து ஓடும் ஒல்லி நாய்கள் பத்தாம் குழுவைச் சேர்ந்தவை. சிப்பிப்பாறையும் கன்னியும் உடலமைப்பால் இந்த வகையே. ஆயினும் எஃப்.சி.ஐ.யின் பட்டியலில் அவை இதுவரை இடம்பெறவில்லை.

நடுவர் என்ன பார்க்கிறார்

வளையத்துக்குள் நாயைக் கொண்டுவருபவர் 'ஹேண்ட்லர்' எனப்படுவார். உரிமையாளரே கொண்டுவருவதும் உண்டு, கூலிக்கு ஆள் வைப்பதும் உண்டு. நாய் நான்கு காலும் சமமாக ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். சிறு இன நாயை மேசைமேல் நிறுத்துவார்கள். நடுவர் முதலில் சற்றுத் தள்ளி நின்று மொத்த உருவத்தைப் பார்ப்பார். பிறகு கிட்ட வந்து உதட்டை விலக்கிப் பல்வரிசையைச் சோதிப்பார். பெரும்பாலான இனங்களில் மேல்வரிசை கீழ்வரிசைக்குச் சற்று முன்னால் உரசினாற்போல் பொருந்த வேண்டும். தோள்மூட்டின் சாய்வு, விலாவின் ஆழம், பின்காலின் மடிப்பு ஆகியவற்றைக் கையால் தடவி அறிவார்; ஆண் நாய்க்கு விதைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்றும் பார்ப்பார். கடைசியில் நாயை ஓடவிடுவார்கள். நிற்கும்போது மறைந்திருந்த குறை ஓட்டத்தில் வெளிப்பட்டுவிடும். முழங்கை வெளியே தள்ளுவதும், பின்கால்கள் ஒன்றையொன்று இடிப்பதும், நோவை மறைத்து நொண்டுவதும் அப்போது தெரியவரும். அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் நடுவரின் முகத்தைப் பார்ப்பதில்லை; நாயின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஓர் இனத்துக்குள் முதலாவதாக வரும் நாய் தன் குழுவில் உள்ள மற்ற இனங்களின் முதல்வர்களோடு போட்டியிடும். குழு முதல்வர்களுள் ஒன்று கண்காட்சியின் தலைசிறந்த நாயாகத் தெரிவாகும். 'சாம்பியன்' பட்டம் ஒரு நாள் வெற்றியால் கிடைப்பதல்ல. பிரித்தானியாவில் வெவ்வேறு நடுவர்கள் மூவரிடமிருந்து சான்றிதழ் பெற்றாக வேண்டும். ஒருவர் கண்ணுக்குப் பிடித்துப்போனது மட்டும் போதாது என்ற இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு.

இந்தியாவிலும் இலங்கையிலும்

ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் கொண்டுவந்த இந்த வழக்கம் முதலில் மலைநகரங்களில்தான் வேரூன்றியது. தென்னிந்தியக் கென்னல் கிளப் ஊட்டியில் மே மாதக் கோடை விழாக் காலத்தில் நடத்தும் கண்காட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வரும் மரபு. இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. அது வம்சாவளிப் பதிவுக்கு மைக்ரோசிப் பொருத்துவதை வலியுறுத்துகிறது. மதராஸ் கெனைன் கிளப்பின் கண்காட்சிகளில் நாட்டினங்கள் தனியாக அணிவகுப்பதைக் காணலாம். ஒரு காலத்தில் அவ்வளையங்களுக்குள் வெளிநாட்டு நாய்களே நின்றன. வேட்டி கட்டிய கிராமத்து வளர்ப்பாளர் தன் சிப்பிப்பாறையோடு அதே வளையத்தில் நிற்பது பெரிய மாற்றம்தான்.

இலங்கையில் கென்னல் சங்கங்களும் அவற்றின் கண்காட்சிகளும் கொழும்பை மையமாகக் கொண்டே இயங்கிவருகின்றன. வடக்கு வளர்ப்பாளர் ஒருவர் நாயோடு அங்கே போவதென்றால் நீண்ட பயணம். அல்சேஷன், பொமேரியன், லப்ரடோர் என்று வடக்கில் ஆசையாக வளர்ப்போர் நிறையப் பேர் இருந்தும், வளையத்தில் அவர்களை அரிதாகக் காண்பதற்கு ஆர்வக்குறைவைக் காரணமாகச் சொல்வது அநியாயம். தூரமும் செலவும்தான் காரணம்.

தமிழ்நாட்டு இனங்கள்

தமிழர் நாயைப் பெயர் சொல்லி மதித்ததற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கால்நடையை மீட்கும் சண்டையில் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எழுப்பிய கல் அது. வீரனோடு அவன் நாயின் உருவத்தையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்ததையும் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த இந்த மரியாதையை எந்தக் கண்காட்சிக் கோப்பையோடும் ஒப்பிட முடியாது.

இன்றுள்ள இனங்களுள் இராஜபாளையம் பெயர் பெற்றது. விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரே நாய்க்கும் பெயராயிற்று. பால் வெள்ளை மேனி, இளஞ்சிவப்பு மூக்கு, உயர்ந்த உடல், ஆழ்ந்த மார்பு ஆகியவை அதன் அடையாளங்கள். பாளையக்காரர் போர்களில் வெள்ளையரின் குதிரைகளைத் தாக்கியது என்ற வாய்மொழி வழக்கு உண்டு. சிப்பிப்பாறையும் அதே வட்டாரத்து நாய். முயல் துரத்த வளர்த்தது. அது மெலிந்த இடுப்பும் நீண்ட முகமும் கொண்டது. கரிய உடலில் கால்களிலும் கண்ணுக்கு மேலும் செம்பழுப்புப் புள்ளி விழுந்திருந்தால் கன்னி என்பர். வெளிர் நிறமானால் பால்கன்னி. கன்னி தனி இனமா, சிப்பிப்பாறையின் நிறவேறுபாடா என்ற வாதம் வளர்ப்பாளர் இருவர் சந்தித்தால் எளிதில் முடியாது. பெண்ணுக்குச் சீராகக் கன்னி நாய் கொடுத்த வழக்கத்தைத் தென்மாவட்டத்தார் பெருமையோடு சொல்வார்கள். தேனி மாவட்டத்துக் கோம்பை இவற்றிலிருந்து வேறுபட்டது. கட்டான உடல், செந்நிறம், கரிய வாய். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியை எதிர்கொள்ள அதற்கு ஓட்டத்தைவிடத் துணிச்சலே வேண்டியிருந்தது.

இவை நலிந்ததற்கு முதன்மைக் காரணம் வேலை போனதுதான். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை நின்றது. வேட்டை நிற்க வேண்டியதே. ஆனால் அதற்கென்றே பிறந்த நாய்க்கு வேறு வேலை எவரும் யோசித்து வைக்கவில்லை. நகரத்தார் அல்சேஷனையும் பொமேரியனையும் விரும்பினார்கள். மீட்பு மெதுவாகவே வந்தது. இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரி 9இல் வெளியிட்ட நான்கு நாய் முத்திரைகளில் இராஜபாளையமும் ஒன்று. இயற்கை எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரனின் இந்திய நாய்கள் பற்றிய ஆங்கில நூல் 2017இல் வந்தது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்நாடகத்து முதோலையும் முறையாகப் பதிவு செய்தது. 2020 ஓகஸ்ட்டில் இந்தியப் பிரதமர் தன் வானொலி உரையில் இவ்வினங்களின் பெயரைச் சொல்ல, குட்டிகளுக்குத் தேடல் கூடியது.

வேலையில் நாட்டு நாய் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று போதும். லக்னோவில் நடந்த 2024ஆம் ஆண்டு அகில இந்தியக் காவல் பணித்திறன் போட்டியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ரியா என்ற முதோல் நாய் வெளிநாட்டு இன நாய்கள் 116ஐப் பின்தள்ளி முதலிடம் பெற்றது. நின்று காட்டும் வளையத்தைவிட இப்படிப்பட்ட களமே ஓட்ட நாய்களுக்கும் காவல் நாய்களுக்கும் பொருத்தமானது.

வெள்ளையின் விலை

கண்காட்சி இலக்கணத்தில் எழுதப்பட்டுவிட்ட ஒரு குணத்தையே துரத்தினால் என்ன நேரும் என்பதற்கு இராஜபாளையமே எடுத்துக்காட்டு. முழுவெள்ளை நிறத்தை விரும்பி, நிறமுள்ள குட்டிகளை ஒதுக்கி, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்ததால் பிறவிச் செவிடு இந்த இனத்தில் பரவியது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் உயிரணுக்களே உட்செவியிலும் இருந்து கேள்விக்குத் துணை செய்கின்றன. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே செவி பட்டுப்போகும். உடலில் வெண்மை மிகுந்த டல்மேஷனிலும் இதே நிலைதான். அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ 8 சதவீதம் இரு காதும் கேளாதவை, 22 சதவீதம் ஒரு காது கேளாதவை. ஒரு காது கேட்கும் நாயைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. கூப்பிட்டால் வரும், கை தட்டினால் திரும்பும். மூளைத்தண்டின் மின் அலைகளை அளக்கும் செவிச் சோதனை மட்டுமே உண்மையைச் சொல்லும். அப்படிப்பட்ட நாய் கோப்பை வாங்கித் தந்து, பத்துக் குட்டிகளுக்குத் தந்தையும் ஆகிவிடுகிறது.

மேலை நாடுகளும் இதில் நல்ல பெயர் எடுக்கவில்லை. மூச்சுவிடத் திணறும் பக், பின்கால் சரிந்த அல்சேஷன் முதலியவற்றை 2008இல் பி.பி.சி. ஆவணப்படம் ஒன்று அம்பலப்படுத்தியது. அடுத்த ஆண்டே பி.பி.சி. கிரஃப்ட்ஸ் ஒளிபரப்பை நிறுத்திவிட்டது. இன இலக்கணங்கள் பல திருத்தப்பட்டன. தமிழ்நாடு அரசு 2024இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையும் நம் வெயிலில் வதங்கும் குளிர்நாட்டு இனங்களைப் பெருக்குவதை விலக்கி நாட்டினங்களை முன்னிறுத்துகிறது. திசை சரியானது. இராஜபாளையம் வளையத்துக்குள் வருமுன் செவிச் சோதனைச் சான்று கேட்கும் விதியும் கூடவே வர வேண்டும்.

வன்னியின் நாய்

இலங்கையின் வன்னிப் பகுதியில், முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடலோரம் அமைந்த வற்றாப்பளை, கண்ணகி அம்மன் கோயிலாலும் வைகாசிப் பொங்கலாலும் அறியப்பட்ட ஊர். இங்குள்ள வளவுகளில் கிடக்கும் நாய்க்கு வம்சாவளிப் பத்திரமில்லை. குறுமயிர், செம்மஞ்சள் அல்லது புலிவரி நிறம், நிமிர்ந்தோ பாதி மடிந்தோ நிற்கும் காது, சுருண்ட வால் என்று எவரும் எழுதி வைக்காத இலக்கணம் ஒன்று அதற்கு உண்டு. இரவில் படலைக்கு வெளியே யானை நின்றால் முதலில் குரைப்பதும், பயிரில் பன்றி இறங்கினால் துரத்துவதும், பாம்பைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான். இந்த நாய்களுக்கு இத்தீவில் வயது கொஞ்சமல்ல. விஜயன் கரையிறங்கியபோது பெண்நாய் உருவில் தோன்றிய இயக்கியைக் கண்டு, நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று அவன் ஆட்களில் ஒருவன் பின்தொடர்ந்ததாக மகாவம்சம் சொல்கிறது.

உள்நாட்டுப் போரின் இறுதி மாதங்கள் 2009இல் நந்திக்கடலைச் சுற்றியே முடிந்தன. மனிதர் உயிரைக் கையில் பிடித்து ஓடிய அந்நாட்களில் மாடும் நாயும் பின்தங்கிப்போயின. மீளக் குடியேறி வெறும் காணியில் கொட்டில் போட்டவர்களுக்குப் படலையில் முதல் காவலாக வந்து படுத்தது எங்கிருந்தோ வந்த நாய்க்குட்டிதான். வன்னியார் தம் நாயைப் பற்றிப் பேசும்போது குரலில் வரும் கனிவை, சாம்பியன் நாய் வைத்திருப்பவரின் பெருமையைவிடக் குறைவாக மதிப்பிடக் கூடாது.

அதே நாய் கட்டாக்காலியாக விடப்பட்டால் ஊருக்கே ஆபத்து. இலங்கையில் 1893லேயே விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டமும் 1901இல் நாய்ப் பதிவுச் சட்டமும் வந்துவிட்டன. ஆனாலும் 1973இல் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலைத்திட்டத்தால் அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கியுள்ளது. 2006க்குப் பின் தெருநாய்களைக் கொல்வதும் கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியுமே வழியாயின.

வடக்கில் ஒரு நாள் கண்காட்சி நடத்த எண்ணுவோர் இந்த நாய்க்கும் அங்கே ஒரு வளையம் ஒதுக்க வேண்டும். தடுப்பூசி அட்டையும் கருத்தடைச் சான்றும் கட்டாயமாக்கி, ஆரோக்கியமும் பணிவும் பார்த்துப் பரிசு கொடுத்தால் போதும், வம்சாவளி தேவையில்லை. இனநாய்க் குட்டி வாங்க விரும்புகிறவர்களோ, தாய்நாயை நேரில் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். இராஜபாளையமானால் செவிச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க விடாதீர்கள். எந்த நாயாயினும் ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். அரசாங்கம் அதை இலவசமாகவே போடுகிறது.