விலை மலிந்த துப்பாக்கி யாரைச் சுடும்?

திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் போனால் வேடந்தாங்கல் வரும். வேடர்கள் தங்கிய ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். இன்றைக்குப் பறவைகள் சரணாலயம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரியில் பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு உரம். கலெக்டரும் சுடக்கூடாது என்று உத்தரவு கொடுத்தார். இது ஊரறிந்த கதை.

அதே ஏரிக்கரைகளில் இன்னொரு துப்பாக்கியும் உண்டு. அதன் கதையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நரிக்குறவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போகும் நாட்டுத் துப்பாக்கி! வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, ரவையைப் போட்டு, கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். ஒரு தடவை சுட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விலை குறைவு, பழுது பார்ப்பதும் சுலபம். நரியும் கொக்கும் வேட்டையாடியவர்களுக்கு அது அரிவாள், மண்வெட்டி மாதிரி ஒரு தொழில் கருவி. 1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தப் பிழைப்பு முடிந்தது. மாமல்லபுரம் பக்கத்தில் பூஞ்சேரியில் இருப்பவர்கள் உட்பட, பலரும் பாசிமணி விற்கப் போய்விட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மலிவான துப்பாக்கி என்றால் மட்டமான துப்பாக்கி என்றுதான் அர்த்தமா? நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. அது செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. காரணம் கரிமருந்து. அது எரியும்போது குழலுக்குள் உண்டாகும் அழுத்தம் ஒப்பிட்டுப் பார்த்தால் குறைவு. துரு ஏறாமல், அளவுக்கு மேல் மருந்து திணிக்காமல் இருந்தால் சாதாரணக் குழலே தாங்கும்.

புகையில்லா மருந்தும் புதுச் சிக்கலும்

1880களில் பிரான்சில் புகையில்லா வெடிமருந்து வந்தது. அதோடு கணக்கே மாறிப்போனது. இந்த மருந்து நிரப்பிய தோட்டாக்கள் உண்டாக்கும் அழுத்தம் பழைய கரிமருந்தைவிடப் பல மடங்கு அதிகம். அதைத் தாங்க நல்ல எஃகு வேண்டும், அளவு துல்லியமாக இருக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். மலிவு விலைக் கைத்துப்பாக்கியின் பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெரிய துப்பாக்கி என்றால் கனமான குழல் வைத்துச் சமாளிக்கலாம். கைத்துப்பாக்கியோ சட்டைப்பையில் அடங்க வேண்டும். சின்னதாகவும் இருக்க வேண்டும், லேசாகவும் இருக்க வேண்டும், வெடிக்காமலும் இருக்க வேண்டும்!

இதற்கு ஐரோப்பியர்கள் ரொம்ப காலம் முன்பே ஒரு வழி கண்டிருந்தார்கள். அதுதான் குழல் சோதனை. வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை குத்துவார்கள், தாங்காவிட்டால் கழித்துவிடுவார்கள். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637இல் சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் சட்டப்படி ஏற்பட்டது. துப்பாக்கி மலிவா விலையுயர்ந்ததா என்று அந்த முத்திரை சொல்லாது. இது சுடுபவன் கையில் வெடிக்காது என்பதை மட்டும் சொல்லும். வாங்குபவனுக்கு அதுதானே முக்கியம்?

நம் நாட்டில் நடந்தது

இந்தியாவில் துப்பாக்கி செய்யத் தெரியாமல் இல்லை. 1760களில் வங்காள நவாப் மீர் காசிம் பீகாரில் உள்ள முங்கேரைத் தலைநகராக்கி அங்கே துப்பாக்கிப் பட்டறைகளை அமைத்தார். அங்கே செய்த துப்பாக்கிகள் கம்பெனிப் படையின் துப்பாக்கிக்குச் சளைத்தவை அல்ல என்று பெயர் வாங்கின. தெற்கே பாளையக்காரர் போர் முடிந்த 1801இல் கம்பெனி அரசு கோட்டைகளை இடித்து, ஆயுதங்களைப் பறித்தது. பிறகு 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் நாடு முழுவதும் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு!

அந்தச் சட்டம் எட்டாத இடமும் பக்கத்திலேயே இருந்தது, பிரெஞ்சுப் பாண்டிச்சேரி. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கியால். உள்ளூர்ப் பட்டறைச் சரக்கு அல்ல, பெரிய தொழிற்சாலையில் செய்தது. ஆக, தடை இருந்தாலும் நல்ல ஆயுதம் தேடுபவனுக்கு வழி கிடைத்தது.

சுதந்திரத்துக்குப் பின் 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. இனப் பாகுபாடு போனது, உரிமம் நின்றது. இந்தச் சட்டத்தின்படி துப்பாக்கி செய்யவும் விற்கவும் மட்டுமல்ல, பழுது பார்க்கவும் சோதித்துப் பார்க்கவும்கூட உரிமம் வேண்டும். செய்தவர் பெயரும் எண்ணும் இல்லாத துப்பாக்கியை விற்கக் கூடாது. 1980களின் நடுவில் தனியாருக்கான இறக்குமதியும் ஏறக்குறைய நின்றுபோனது.

பிறகு சட்டப்படி வாங்க நினைத்தவருக்கு மிஞ்சியது பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைச் சரக்குதான். கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர் பழைய ஆங்கிலேய வெப்லி மாதிரியை ஒட்டியது. 2014இல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற லேசான ரிவால்வரை அறிமுகப்படுத்தினார்கள். விலை சுமார் 1,22,000 ரூபாய்! டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமையை நினைவூட்டும் பெயர். ஆனால் இரவு பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் எந்தப் பெண்ணால் அந்த விலை கொடுக்க முடியும் என்று அப்போதே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இன்னொரு பக்கம் 'கட்டா'. வடக்கே கள்ளத்தனமாகச் செய்யப்படும் நாட்டுக் கைத்துப்பாக்கி. பெரும்பாலும் ஒரு தோட்டா மட்டுமே போடலாம். நவாபு காலத்துப் பெருமை கொண்ட அதே முங்கேர் இன்று இந்தக் கள்ளச் சரக்குக்கும் பேர் போனது. துப்பாக்கிக்கென்று வார்க்காத இரும்பில், தொழிற்சாலைத் தோட்டாவைப் போட்டுச் சுடுகிறார்கள். பெயர் இல்லை, எண் இல்லை, முத்திரை இல்லை. அதைச் சோதிப்பது யார்? வாங்கியவன் விரல்கள்தான்!

அமெரிக்கா கற்ற பாடம்

துப்பாக்கி தாராளமாகக் கிடைக்கும் அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை இல்லையா? அங்கேயும் உண்டு. 1968இல் ராபர்ட் கென்னடி ஒரு சின்ன .22 ரிவால்வரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டே வந்த சட்டம் மலிவான வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. ஆனால் உதிரி பாகங்களைத் தடுக்கவில்லை. ஜெர்மன் பாகங்களை மியாமியில் பூட்டி விற்றார்கள். 1981 மார்ச் 30 அன்று அதிபர் ரீகனைச் சுட்டது அப்படிப்பட்ட ஒரு ரோம் ரிவால்வர்தான். விலை 50 டாலர்கூட இல்லை. 6 தோட்டாவும் வெடித்தன. மட்டமான துப்பாக்கி ஆளைக் கொல்லாது என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இறக்குமதி நின்ற இடத்தை உள்ளூர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1970இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ரேவன் நிறுவனம் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து 100 டாலருக்கும் குறைவாகக் கைத்துப்பாக்கி விற்றது. அதே வழியில் வந்த பிரைகோ துப்பாக்கியில் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் பாதுகாப்புப் பூட்டைத் திறந்தாக வேண்டும். 1994இல் அப்படித் திறந்தபோது வெடித்து, 7 வயதுச் சிறுவன் ஒருவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். வடிவமைப்பிலேயே குறை என்று 2003இல் நடுவர்கள் கோடிக்கணக்கில் இழப்பீடு விதிக்க, நிறுவனம் திவாலானது.

வேடிக்கை என்னவென்றால், 1972இல் ஏற்பட்ட அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குப் பொம்மைத் துப்பாக்கி மீது அதிகாரம் உண்டு, நிஜத் துப்பாக்கி மீது கிடையாது! கடைசியில் கலிபோர்னியா மாநிலம்தான் 1999இல் ஒரு சட்டம் போட்டது. கைத்துப்பாக்கியைக் கீழே போட்டுப் பார்க்க வேண்டும், வெடிக்கக் கூடாது. 600 தோட்டா சுட்டுப் பார்க்க வேண்டும், 6 முறைக்கு மேல் மக்கர் செய்யக் கூடாது. விலையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மலிவாக இருந்தும் ஒழுங்காக வேலை செய்ய முடியும் என்பதற்கு ஒஹையோ மாநிலத்து ஹை-பாயிண்ட் ஓர் உதாரணம். அதுவும் துத்தநாகக் கலவைதான். எஃகைவிடப் பலம் குறைவு என்பதால் மேல்பாகத்தைத் தடிமனாக வார்த்துவிட்டார்கள். பார்க்க அழகில்லை, கனமோ கனம். கேலி செய்யாதவர் இல்லை. ஆனால் சுடும், பழுதானால் யார் கொண்டுபோனாலும் நிறுவனம் சரிசெய்து தரும்.

ஆக மொத்தம்

துப்பாக்கியைக் கெடுப்பது குறைந்த விலை அல்ல, சோதனை இல்லாத விற்பனை. விலையைப் பார்த்துத் தடுத்த சட்டம் உதிரி பாகங்களைக் கொண்டுவந்தது. சந்தையை அடைத்த சட்டம் ஒரு பக்கம் லட்ச ரூபாய் ரிவால்வரையும் மறுபக்கம் கட்டாவையும் விட்டுவைத்தது. துப்பாக்கி எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடாமலே வாழ்ந்து முடிப்பது நல்ல விஷயம்தான். ஆனால் கட்டுப்பாடு என்று வரும்போது 'என்ன விலை?' என்பதைவிட 'யார் சோதித்தார்கள்?' என்ற கேள்விதான் உயிர்களைக் காத்திருக்கிறது. அந்தக் கேள்வியைப் பட்டறையில் கேட்காவிட்டால், பதில் ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும்.