கண் அபிநயம் (குற்றாலக் குறவஞ்சி மரபு)

ஆடுபவர் தம் மனநிலையைப் பார்வையாலும் இமை, புருவ அசைவுகளாலும் காண்போருக்கு உணர்த்துவது கண் அபிநயம். பரதநாட்டியம், கதகளி, கூடியாட்டம் எனப் பல ஆடல்களுக்கும் இது பொது. தமிழில் இதன் முழு வீச்சையும் ஒரே படைப்பில் காண விரும்புவோர் குற்றாலக் குறவஞ்சி என்னும் நாடக நூலுக்குத்தான் வரவேண்டும்.

இலக்கண நூல்கள் இதை நெடுங்காலம் முன்பே வகுத்துவிட்டன. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்வதோடு, அவற்றை அறியப் பார்ப்பவருக்கும் கூர்மை வேண்டும் என்கிறது. பரதரின் நாட்டிய சாத்திரம் 36 பார்வைகளைக் கூறும். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தில் எட்டு. இன்றும் பரதம் பயிலும் பிள்ளைகள் சமம், ஆலோகிதம், சாசி, பிரலோகிதம், நிமீலிதம், உல்லோகிதம், அனுவிருத்தம், அவலோகிதம் என்று அந்த எட்டைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள்.

குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவிலுள்ள மேலகரத்துக்காரர். காலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்த நூலுக்குப் பரிசாக நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர்.

கதை முழுவதும் பார்வையால் நகர்வது. கதைத் தலைவி வசந்தவல்லி பந்தாடுகிறாள். மேடையில் பந்து கிடையாது. மேலும் கீழும் விரைந்து ஓடும் அனுவிருத்தப் பார்வையால் ஆடுபவள் அதைக் காட்டியாக வேண்டும். அப்போது குற்றாலத்து இறைவன் திரிகூடநாதர் பவனி வருகிறார். ஓடிக்கொண்டிருந்த கண் ஓரிடத்தில் நிற்கிறது, இமை கொட்ட மறக்கிறது, பிறகு நாணி நிலம் நோக்குகிறது. மேடையில் பவனி வராவிட்டாலும் அந்தக் கண்ணில் நாம் பவனியைப் பார்த்துவிடுவோம். பின்னால் குறி சொல்ல வரும் குறத்தியின் கண்ணோ வேறு வகை. மலைவளம் சொல்லும்போது அகல விரியும், கைரேகை பார்க்கும்போது கூர்ந்து குனியும், காதலைக் கண்டுபிடித்ததும் ஓரத்தில் சிரிக்கும். ஒருத்தி மறைக்கிறாள், மற்றவள் திறந்து காட்டுகிறாள். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியதில் கவிராயர் தேர்ந்த நாடக ஆசிரியர்.

குறவஞ்சிகளைக் கோயில்களில் ஆடியும் அபிநயத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தும் வந்தவர்கள் தேவதாசிகள். இந்த வரலாற்றில் அவர்களுக்குரிய இடம் போதிய அளவு சொல்லப்படவில்லை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைச் சேர்ந்த கௌரி அம்மாளிடம்தான் நடனக் கலைஞர்களான பாலசரசுவதியும் ருக்மிணி தேவியும் அபிநயம் கற்றார்கள். ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திரா நடனப் பள்ளி, 1944இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றியது. கோயில் விளக்கொளியில் அருகிலிருந்து பார்த்த கண்ணை இப்போது அரங்கின் கடைசி வரிசையிலிருந்தும் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணைச் சுற்றி நீளமாகத் தீட்டும் மை அந்தத் தூரத்தைக் கடக்க உதவுகிறது.

மலைக்கு அப்பால் கேரளத்தில் இதே கலை இன்னொரு வழியில் வளர்ந்தது. கதகளி நடிகர் சுண்டப்பூவின் விதையை இமைக்குள் இட்டுக் கண்ணைச் சிவக்க வைத்துக்கொள்வார். கூடியாட்டத்தில் அம்மன்னூர் மாதவ சாக்கியாரின் (1917–2008) கண் அபிநயம் உலகப் புகழ் பெற்றது.

குறவஞ்சி பிறந்த குற்றாலப் பக்கம் திரும்பினால், ஆடலைக் கல்லிலும் ஓவியத்திலும்கூடப் பார்க்கலாம். தென்காசி விசுவநாதர் கோயில் மண்டபத்தில் ஊர்த்துவ தாண்டவரும் காளியும் கல்லில் ஆடுகிறார்கள். நடராசரின் ஐந்து சபைகளில் குற்றாலத்துக்கு உரியது சித்திர சபை. அங்கே அவர் செப்புத் திருமேனியாக இல்லை, சுவரில் ஓவியமாக இருக்கிறார். சாரல் காலத்தில் அருவிக்கு வருகிறவர்கள் குளித்த கையோடு திரும்பிவிடாமல், அந்தச் சபைக்கும் ஒருமுறை போய் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.