கண்காணியும் நிருவாகவியலும்

நிருவாகவியல் என்னும் துறை அமெரிக்க எஃகு ஆலைகளில் பிறந்தது என்பது கல்லூரிப் பாடநூல்கள் கூறும் செய்தி. பிரெடரிக் டெய்லர் என்னும் பொறியாளர் மிட்வேல், பெத்லகேம் ஆலைகளில் தொழிலாளரின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரங்கொண்டு அளந்து, 1911ஆம் ஆண்டில் அறிவியல் நிருவாகத்தின் கோட்பாடுகளை நூலாக்கினார். பிரெஞ்சு நாட்டுச் சுரங்க மேலாளர் ஆன்றி ஃபயோல், திட்டமிடல், அமைத்தல், ஆணையிடல், இயைபுறுத்தல், கட்டுப்படுத்தல் என நிருவாகத் தொழிலை ஐந்தாக வகுத்து 1916இல் வெளியிட்டார். இவ்விருவர் பெயரையும் அறியாத நிருவாகவியல் மாணவர் இலர். ஆயின், அதே காலத்தில் பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் பல்லாயிரம் தமிழரைக்கொண்டு பெரியதொரு நிருவாக முறை நடைபெற்றது. அதற்கு நூல் இல்லை. கோட்பாடு என்னும் பெயரும் இல்லை. ஏன் இல்லாது போயிற்று என்பது எண்ணிப்பார்க்க வேண்டிய வினா.

கண்காணி என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் 'மாகேசுவரக் கண்காணி' எனக் கோயிற் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பு குறிக்கப்பெறுகின்றது. திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. கண்ணால் கண்டு காப்பவன் என்ற மதிப்புடைய அச்சொல் கடல் கடந்து மலாயாவுக்கு வந்தபோது பொருளில் சற்றே திரிந்தது. பேச்சில் கங்காணி ஆயிற்று.

பேராக்கில் இதன் தொடக்கம் இரப்பருக்கும் முந்தியது. கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். 1877இல் கோலகங்சாரில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ தம் மாளிகைத் தோட்டத்தில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். உலகச் சந்தையில் இரப்பர் விலை 1909, 1910 ஆகிய ஆண்டுகளில் ஏறியதும், சுங்கை சிப்புட் தொடங்கித் தஞ்சோங் மாலிம் வரை காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. புதிய ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டமையால், ஆள் கொண்டுவரும் பொறுப்பு முழுதும் கண்காணியிடம் வந்து சேர்ந்தது.

அவர் தோட்டத்தின் உரிமச்சீட்டோடு தம் ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் அழைத்துவந்தார். வந்தவர்க்குப் பிணை நின்றார், கடன் கொடுத்தார், வழக்குத் தீர்த்தார், திருவிழாவில் முன்னின்றார், காட்டில் வேலை வாங்கினார். நாள்தோறும் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குச் சில காசு உண்டு. அதற்குத் தலைக்காசு என்று பெயர். ஒருவன் காய்ச்சலில் படுத்தால் கண்காணியின் வருவாயும் குறையும். ஊர்ப்பாசமும் கடனும் காசும் ஒரே கயிறாக முறுக்கப்பட்ட ஏற்பாடு இது. டெய்லர் எதிர்த்ததும் இத்தகைய ஆளைத்தான் என்பது வியப்புக்குரியது. அமெரிக்க ஆலைகளில் ஆள் எடுப்பதும் விலக்குவதும் வேலை வாங்குவதும் ஒரே மேற்பார்வையாளர் கையில் குவிந்திருந்தன. அப்பொறுப்புகளை எட்டுப் பேருக்குப் பிரித்தளிக்க வேண்டும் என்றார் டெய்லர். தோட்ட முதலாளிகள் அவ்வாறு பிரிக்க விரும்பவில்லை. ஒரே ஆள் எல்லாமாக இருந்தது அவர்களுக்கு ஆதாயமாக இருந்தது.

கண்காணிக்கு மேலே நெடியதோர் ஏணி இருந்தது. இலண்டனில் இயக்குநர் அவை. இங்கே அதன் சார்பில் கத்ரி, ஹரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு போன்ற முகவர் நிறுவனங்கள். அவற்றின் பேரில் தோட்டங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதும் பார்வை முகவர். பின்னர்ப் பெரிய துரை, சின்னத் துரை, கிராணி, கண்காணி. கடைசியில் பால்வெட்டும் தொழிலாளி. ஃபயோல் கூறிய ஆணைத் தொடர் அவர் எழுதுமுன்பே இங்கு நடைமுறையில் இருந்தது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படும். செக்ரோல் என்னும் பேரேட்டில் வருகை பதியப்படும். அவரவர்க்கு நிரை ஒதுக்கப்படும். ஒருவர் வெட்டவேண்டிய மரங்கள் இடத்துக்கேற்ப ஏறத்தாழ 300 முதல் 500 வரை இருக்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் நேரமும் அளவுக்குள் வந்தது. நண்பகலில் பால் ஸ்டோரில் நிறுக்கப்படும்.

மரத்தின் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, ஒரே வெட்டினை மெல்லச் சீவிப் புதுப்பித்து, மரத்தைக் கெடுக்காமல் பாலெடுக்கும் வழியைக் கண்டறிந்தார். அது நூலில் ஏறிய அறிவு. ஆயின், பட்டையின் பருமனை விரலால் உணர்ந்து, உள்ளே இருக்கும் வளர்படை காயப்படாமல், அதற்கு மயிரிழை இப்பால் கத்தியை நிறுத்துவது யார் அறிவு? அது பால்வெட்டுக்காரியின் மணிக்கட்டில் இருந்தது. ஆழம் குறைந்தால் பால் இல்லை. கூடினால் மரத்தில் முண்டு விழும். இரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டபின் வெட்டு முறைகள் ஆராயப்பட்டன. வெட்டியவர்கள் அவ்வாராய்ச்சியின் கருவிகளாக இருந்தார்களேயன்றி, கருத்துக் கேட்கப்பட்டவர்களாக இல்லை.

சிந்திப்பவர் வேறு, செய்பவர் வேறு எனப் பிரித்ததே டெய்லர் கோட்பாட்டின் உயிர்நிலை. தோட்டத்தில் அப்பிரிவினை நிறத்தாலும் மொழியாலும் அமைந்தது. துரைமார் தமிழ் கற்கவேண்டும். அவர்கள் 1919இல் அமைத்த தோட்டக்காரர் கழகம் மொழித் தேர்வும் நடத்தியது. இலங்கையிலும் மலாயாவிலும் அவர்களுக்கென வெளிவந்த தமிழ்க் கையேடுகளில் முதலிடம் பெற்றவை ஏவல் வினைகள். வா, போ, வெட்டு, தூக்கு என்பவற்றோடு அந்தத் தமிழ் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஒருவரிடம் கருத்துக் கேட்பதற்குரிய தமிழ் வேறு. எழுதத் தெரிந்தவருக்குத் தோட்டத்து அறிவு அறிவாகத் தோன்றவில்லை. அறிந்தவரிடம் எவரும் எழுதச் சொல்லவில்லை. கோட்பாடு பிறவாமைக்குக் காரணம் இதுவே எனலாம்.

1924 முதல் 1932 வரை அமெரிக்காவின் ஹாத்தார்ன் ஆலையில் நடந்த ஆய்வுகளைக்கொண்டு, தொழிலாளியும் மனம் உடையவன், குழுவாய் வாழ்பவன் என்று எல்டன் மேயோ முதலியோர் கூறினர். அவ்வாய்வின் இறுதி ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தத்தால் மலாயாத் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் நாகைக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டனர். நிலைமையை ஆராய 1936 இறுதியில் வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக முன்னிருந்த நாட்கூலியை மீண்டும் தரப் பரிந்துரைத்தார். 1938இல் முதலாளிகள் மறுபடியும் கூலியைக் குறைக்க முற்பட்டபோது, இந்திய அரசு உதவிபெற்று வரும் குடியேற்றத்தைத் தடுத்தது. புதிய ஆள் வரவு நின்றதும் கண்காணியின் பழைய செல்வாக்கும் சரியத் தொடங்கியது.

1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்க வாழ்வு குலைந்து மீண்டும் ஒழுங்குபட்டது. 1954இல் ஐந்து சங்கங்கள் இணைந்து, பி. பி. நாராயணனைப் பொதுச் செயலாளராகக்கொண்டு, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. கூலியைப் பற்றித் துரையின் எதிரே நாற்காலியில் அமர்ந்து பேசும் உரிமை அதன்வழி வந்தது.

இதனினும் துணிவான முயற்சி அதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தனுடையது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுச் சென்றன. வாங்கியோர் துண்டு போட்டு விற்றனர். வேலையும் வீடும் ஒருசேரப் போயின. அப்போது, தொழிலாளரே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தை வாங்கலாம் என்ற எண்ணத்தில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. கடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அதன் முதற் கொள்முதல். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் விளைச்சலில் பங்குபெற்று உழைத்த வழக்கம் பழையது. தமிழ்த் தொழிலாளிக்குப் பங்கு என்னும் சொல் அப்போதுதான் வந்தது.

எனினும் ஒன்றைக் குறிக்காமல் செல்லலாகாது. கூட்டுறவுத் தோட்டத்திலும் மேலாளர் இருந்தார், கிராணி இருந்தார், பால் நிறுக்கப்பட்டது. உடைமை கைமாறிய அளவுக்கு ஏணி மாறவில்லை. ஒருவர்க்கு ஒரு வாக்கு என்னும் கூட்டுறவு நெறி பொதுக்கூட்ட நாளில் விளங்கியது. விடியற்காலை நிரையில் அதற்கு இடம் குறைவு. தோட்டத்தை வாங்குவதற்குத் திட்டம் தீட்டிய அறிஞர், தோட்டத்தை எவ்வாறு வேறுவகையில் நடத்துவது என்பதற்கும் ஒரு திட்டம் தீட்டியிருக்கலாம்.

1981 செப்டம்பர் 7இல் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனம் ஒரே காலையில் மலேசியர் கைக்கு வந்தது. 2007இல் அதுவும் சைம் டார்பியும் கோல்டன் ஹோப்பும் ஒன்றாயின. இரப்பர் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாயின. தீபகற்பத்தில் 900 வெள்ளி என்னும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2013இல் நடைமுறைக்கு வந்தபோது, அதைப் பெறத் தோட்டங்களில் எஞ்சியிருந்த தமிழர் சிலரே. இன்று அங்கு உழைப்போருள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் மிகுதி. அவர்களை ஊரிலிருந்து கொண்டுவருபவரை முகவர் என்கின்றனர். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, முதலாளிகள் செலுத்திய வரியிலிருந்து கப்பற் செலவு கொடுக்கப்பட்டதனால், அதன்பின் வந்த தமிழர் கடனின்றிக் கரையிறங்கினர். இப்போது வருவோரில் பலர் முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனோடுதான் விமானத்தைவிட்டு இறங்குகின்றனர்.