அங்கொடைக்கு முந்திய கட்டிடம்

நம்மட பக்கத்தில ஒருத்தரை மட்டந்தட்ட ஒரு சொல் போதும்: அங்கொடை. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும், அந்த இடத்தைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள்கூட "இவன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று சொல்லிச் சிரிக்கிறதுதான் வழமை. கொழும்புக்குக் கிட்ட இருக்கிற ஒரு சிற்றூரின் பெயர் இவ்வளவு தூரம் வந்து வசவாகிப்போன கதையைக் கொஞ்சம் தேடிப் பார்த்தோம்.

கதை அங்கொடையில தொடங்கல்ல. கொழும்பு 7இல், சுதந்திரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில இருக்கிற ஆர்கேட் கடைத்தொகுதிக்கு நம்மள்ல நிறையப் பேர் போயிருப்போம். ஐஸ்கிரீம் சாப்பிட்டு, தூண்களுக்குப் பக்கத்தில நின்று போட்டோ எடுத்திருப்போம். 2014இல் அது கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டது. அதற்கு முந்தி கணக்காய்வாளர் நாயகம் திணைக்களம் அங்கே இருந்தது. முதல் முதல் அதைக் கட்டியது மனநோயாளர்களை அடைத்து வைக்க. 1882இல் வேலை தொடங்கியது. வரைந்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர், கொழும்பு நூதனசாலையை வரைந்த அதே ஆள்.

அதற்கும் முந்தி, மனநோயாளர்களை ஹெந்தளை தொழுநோயாளர் விடுதியில வைத்திருந்தார்கள். 1847இல் பொரளையில தனி விடுதி வந்தது. 1873இல் சட்டம் வந்தது: ஒருவருக்குச் சித்தசுவாதீனம் இல்லை என்று தீர்மானிக்கும் இடம் மாவட்ட நீதிமன்றம். நோயாளி வழக்காளியானது அப்படித்தான். 1956இல் சட்டத்தின் பெயரை 'உளநோய்கள்' என்று மாற்றினார்கள், உடம்பு பழசுதான். பிரித்தானிய ஆட்சி போன இடமெல்லாம் இந்த மாதிரிப் பெரிய மதில் விடுதிகள் எழும்பின. டப்ளினில் இருந்த கிரேஞ்ச்கோர்மன் இப்ப ஒரு பல்கலைக்கழக வளாகம். நமக்குக் கிடைத்தது கடைத்தொகுதி!

கொழும்பு விடுதி நிரம்பி வழிந்தபோது, 1926இல் அங்கொடை திறந்தது. அதுவும் நிரம்பியது. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் எட்வர்ட் மாப்பதர் 1930களின் இறுதியில் வந்து பார்த்து, நிலைமையைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை எழுதினார். எல்லாரையும் ஓர் இடத்தில அடைக்கிறதை விட்டு, வெளிநோயாளர் சிகிச்சையைத் தொடங்கச் சொன்னார். 1939இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில மனநோய்க் கிளினிக் வந்தது. ஆனால் அது கொழும்பு.

கிழக்குக்கு அது எப்ப வந்து சேர்ந்தது என்பதுதான் நம்மட கேள்வி. நீண்ட காலம் இங்க ஒருத்தருக்கு மனம் குழம்பினால் முதலில் தண்ணி ஓதிக் கொடுப்பாங்க, தாயத்துக் கட்டுவாங்க, ஜின் பிடிச்சிருக்கு என்பாங்க. எதுவும் சரிவராட்டித்தான் அங்கொடை. ஓதிப் பார்க்கிறவரைக் குறை சொல்ல நமக்கு விருப்பமில்லை. அவராவது நோயாளியோட நம்மட பாஷையில பேசினார். தமிழ் மட்டும் தெரிந்த ஓர் உம்மா, சிங்களம் பேசும் வார்டில தன் மனசில ஓடுறதை எந்தச் சொல்லால சொல்லியிருப்பா? வைத்தியருக்கு ஸ்கேனும் ஊசியும் இல்லாத இந்த நோயில, பேச்சே பரிசோதனை. யுத்த காலத்தில அங்க போய்ப் பார்த்து வாறதும் லேசான காரியமில்லை. பார்க்கப் போகாத வீடு மெல்ல மெல்லப் பெயரையும் மறைக்கும். தங்கச்சிமாரின் கல்யாணப் பேச்சு கெட்டுப்போகும் என்ற பயம் ஒரு பக்கம்.

2004 டிசம்பர் 26 எல்லாத்தையும் புரட்டிப்போட்டது. அம்பாறை மாவட்டத்தில மட்டும் 10,000க்கும் மேல மௌத்து. கடலைப் பார்க்கவே ஏலாம, ராவில நித்திரை இல்லாம இருந்தவங்க ஒருத்தர் ரெண்டு பேரா? அத்தனை பேரையும் 'விசர்' என்று ஒதுக்க ஊருக்கு முடியல்ல. 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை, சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. இப்ப கல்முனையிலேயே கிளினிக் இருக்கு. அங்கொடையும் 2008இல் இருந்து தேசிய மனநல நிறுவகம். ஆனா கிளினிக்குக்குப் போறவங்களில சிலர் இன்னும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியாப் பார்த்துத்தான் போறாங்க, தெரிஞ்ச முகம் கண்டுடும் என்று.

அந்தக் காலத்தில நம்மட கரையில இருந்து அங்கொடைக்குப் போய்த் திரும்பி வந்தவங்க, வராதவங்க பற்றிய கதை உங்கட வீட்டில மூத்தம்மாமார்ட்ட இருக்கலாம். கேட்டு, பெயர் போடாம எங்களுக்கு எழுதி அனுப்புங்க.