தனிமேதையும் கூட்டுழைப்பும்

‘கணிதம் பிறவியிலேயே வாய்க்க வேண்டும், எமக்கு வாய்க்கவில்லை’ என்று கூறிக் கொப்பியை மூடிவிடும் மாணவரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இந்த எண்ணத்தை அவர்களுக்கு ஊட்டியவர் யார்? பெரியவர்களாகிய நாமே. சீனிவாச இராமானுஜனின் கதையைச் சொல்லும்போதெல்லாம், கும்பகோணத்து ஏழைவீட்டில் எவர் துணையுமின்றி ஒரு மேதை வளர்ந்தார், நாமகிரித் தாயார் கனவிலே சூத்திரங்களைக் கொடுத்தாள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். வரலாறு கூறுவதோ வேறு.

இராமானுஜன் (1887-1920) ஒப்பற்ற மேதை என்பதில் ஐயமில்லை. ஆனால், துணையின்றி நின்ற காலத்தில் அம்மேதைக்கு நேர்ந்தது என்ன? கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறியமையால் கல்லூரி உதவிப்பணம் பறிபோயிற்று. வறுமையும் நோயும் வாட்டின. ஐரோப்பாவில் முன்னரே கண்டறியப்பட்டவற்றை மீண்டும் கண்டறிவதில் அரிய ஆண்டுகள் கழிந்தன. பகா எண்கள் பற்றித் தனித்திருந்து அவர் கொண்ட முடிவுகள் சில பிழையாகவும் போயின.

அவரைக் கைதூக்கியோர் பலர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் நிறுவிய இராமசாமி ஐயர், அவரது குறிப்பேட்டைக் கண்டு சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். கழகத்தின் சஞ்சிகை 1911இல் அவரது கட்டுரையை வெளியிட்டது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாவுக்கு எழுதுவினைஞரானார். அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயரும் கணிதம் வல்லவர். இரவுகளில் உடனிருந்து சிலேற்றிலே கணக்கிட்டவர். 1913இல் ஹார்டிக்குக் கடிதம் சென்றதும், 1914இல் கேம்பிறிட்ஜ் பயணம் நிகழ்ந்ததும் இவற்றின் பின்னரே.

அங்கு விளைந்த பெருஞ்செயல் ஒன்றைப் பார்ப்போம். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? இதற்கு ஒரு வாய்பாடு இருந்தே தீரும் என்ற அசையாத உள்ளுணர்வு இராமானுஜனுடையது. அதை நிறுவும் பகுப்பாய்வுத் திறன் ஹார்டியுடையது. வாய்பாடு சரிதானா எனச் சோதிக்க, முன்னாள் பீரங்கிப் படை அதிகாரியான மக்மகன், 18ஆம் நூற்றாண்டில் ஒயிலர் வகுத்த முறைப்படி, 1 முதல் 200 வரை ஒவ்வொன்றாய்க் கையாற் கணித்தார். விடை 3,972,999,029,388. வாய்பாடு தந்த விடையிலிருந்த வேறுபாடு 0.004 மட்டுமே. 1918இல் வெளிவந்த இத்தேற்றம், வேறுபட்ட ஆற்றலுடைய இருவரின் கூட்டுறவால் விளைந்தது என்று அவர்களை நன்கறிந்த லிற்றில்வூட் பின்னர் எழுதினார். 1937இல் ராடமாக்கர் அதனை முற்றிலும் துல்லியமாக்கினார்.

இராமானுஜன் நிறுவாது விட்டுச்சென்ற குறிப்பேடுகளிலும் வற்சனும் வில்சனும் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். பின்னர் பேண்ட் பலரது துணையுடன் அவற்றை விளக்கி 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார்.

ஆகவே, மேதையைப் போற்றுவோம்; ஆனால் அவரைத் தாங்கிய கைகளை மறைக்காதிருப்போம். மறைத்தால் இரு தீங்குகள் விளையும். சாதாரண மாணவன், தன் உழைப்புக்கு அறிவுலகில் இடமில்லை என்று ஒதுங்குவான். மக்மகனின் பொறுமைக்கும் அங்கே இடமுண்டு என்பதை அவன் அறியமாட்டான். சமூகமோ, மேதை எப்படியும் முளைத்துவிடும் என்று கூறித் தன் கடமையிலிருந்து நழுவிக்கொள்ளும். நாராயண ஐயர் ஒருவர் அருகில் இல்லாமையால் எழுதுவினைஞராகவே முடிந்துபோனவர் எத்தனை பேரோ! அவர்களுடைய பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை.